எல்லாப் பருவத்துக்கும் ஒரு டயர்

ஓடுகின்ற மோட்டார் வண்டி தரையைத் தொடும் இடம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பே மேலிடும். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு ரப்பரே சாலையின்மீது படிகின்றது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையும், அதனுள் அமர்ந்திருக்கும் குடும்பத்தின் உயிரும் இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே விரைகின்றன. யந்திரம் எத்துணை ஆற்றல் உடையதாயினும், பிரேக் எத்துணை வலியதாயினும், இந்த நான்கு இடங்களின் பிடிப்பு அனுமதிக்கும் அளவுக்குமேல் அவை எதையும் செய்ய இயலா.

காய்ந்த தார்ச்சாலை, மழைநீர் தேங்கிய சாலை, வெண்பனி மூடிய சாலை ஆகிய மூன்றையும் ஒரே டயர் நன்கு பற்றவேண்டும் என்பது மோட்டார் யுகத்தின் நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்கு இடப்பட்ட பெயரே 'அனைத்துப் பருவ டயர்' என்பது. அப்பெயர் எவ்வாறு பிறந்தது, அதில் மெய் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு இங்கே ஆராய்வோம்.

பருவத்துக்கு அடிமையாய் இருப்பது ரப்பரின் பிறவிக் குணம். மரத்தில் வடித்த பாலை உலர்த்தி எடுத்த கச்சா ரப்பர், கோடையில் இளகிப் பிசுபிசுக்கும். குளிர்காலத்தில் விறைத்து வெடிக்கும். 1830-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரப்பர்த் துணியும் காலணியும் செய்யப் புகுந்தவர்கள் பலர் இதனாலேயே நொடித்துப் போயினர். சார்லஸ் குட்இயர் என்பவர் அரசாங்கத்துக்குச் செய்துகொடுத்த அஞ்சல் பைகளும் வெப்பத்தில் இளகிப் பாழாயின. அவர் மனம் தளரவில்லை. 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பின்மீது தற்செயலாகப் பட்டபோது, அது உருகாமல் தோல்போல் உறுதிப்பட்டதைக் கண்டார் என்பர். இதுவே 'வல்கனைசேஷன்' எனப்படும் முறை. 1844-இல் அதற்கு அமெரிக்கப் பேடண்ட் உரிமை பெற்றார். எனினும் 1860-இல் அவர் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898-இல் தோன்றியது. அதற்கும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

கோடையின் இளகலும் குளிரின் வெடிப்பும் இவ்வாறு பெருமளவு அடங்கின. முற்றும் அடங்கினவா என்றால், இல்லை. எஞ்சி நின்ற அச்சிறு அடிமைத்தனமே நாம் இன்று ஆராயும் பிரச்சினையின் வேர்.

ரப்பரைச் சக்கரத்தில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். காற்றடைத்த வளையத்துக்கு அவர் 1845-இல் பேடண்ட் பெற்றார். 1847-இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டியும் காட்டினார். உலகம் அதைப் பார்த்து மறந்துவிட்டது. பின்னர் அவர் கெட்டி ரப்பர் வளையம் பூட்டிய நீராவிச் சாலை வண்டிகளை அமைத்தார். அவற்றைப் பாரத நாட்டில் ஓட்டிப் பார்க்க முனைந்தவர், இங்குப் படையில் பணியாற்றிய கிராம்ப்டன் என்னும் பொறியியலாளர். 1871-இல் 'ராவி' எனப் பெயரிட்ட வண்டி இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரிலிருந்து எடின்பரோ வரை ஓடிச் சோதனையில் தேறியது; அதன்பின் பஞ்சாபுக்கு அனுப்பப்பட்டது. யந்திர வண்டியின் ரப்பர்ச் சக்கரம் நமது மண்ணைத் தொட்டது மோட்டார் கார் பிறக்கும் முன்னரே என்பது அறியத்தக்கது.

1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை மீண்டும் கண்டுபிடித்தார். தாம்சனின் பழைய உரிமை வெளிப்பட்டபோது டன்லப்பின் பேடண்ட் செல்லாததாயிற்று; ஆயின் இம்முறை உலகம் மறக்கவில்லை. 1895-இல் பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்டோ சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் டயர் பஞ்சராயிற்று. குறித்த காலத்துக்குள் வந்து சேரவும் இயலவில்லை. ஆயினும் மோட்டார் வண்டி காற்றின்மீது ஓட முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது.

தொடக்ககால டயர்கள் மழமழவென்று இருந்தன. காய்ந்த சாலைக்கு அது போதும். ரப்பர் எவ்வளவு அதிகமாகத் தரையைத் தொடுகிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பும் மிகும். சேற்றிலும் ஈரத்திலும் அந்த டயர்கள் சறுக்கின. அதைத் தடுக்க எடுத்த முயற்சிகள் பலவகை. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904-இல் சக்கரத்தைச் சுற்றிக் கட்டும் சங்கிலிக்குப் பேடண்ட் பெற்றார். மிஷ்லின் நிறுவனம் 1905-இல் எஃகு ஆணிகள் பதித்த தோல் உறையை டயரின்மேல் பொருத்தியது. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1908-இல் ஒரு விந்தை செய்தது. தன் பெயரையும் 'சறுக்காது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களையும் எழுத்து எழுத்தாக டயரின் மேற்பட்டையிலேயே சாய்வாக வார்த்தது. அந்த எழுத்துகளின் விளிம்புகளே தரையைக் கவ்வும் பற்களாயின; வண்டி சென்ற புழுதியில் விளம்பரமும் பதிந்தது. டயரின்மேல் வாக்குறுதியை எழுதும் வழக்கத்தை நாம் பின்னரும் சந்திக்கப் போகிறோம். இந்த டயரிலோ அச்சொற்கள் வாக்குறுதியாக மட்டும் நில்லாமல் வேலையும் செய்தன.

நமது பட்டறைக்காரர்கள் 'பட்டன்' என்று வழங்கும் இந்த மேற்பட்டை ஒரு பக்கம் வளர, ரப்பரின் கலவை மற்றொரு பக்கம் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனை அடுத்த சில்வர்டவுனில், ரப்பரோடு நுண்ணிய புகைக்கரியைச் சேர்த்தால் அது பன்மடங்கு உறுதிபெறும் என்று கண்டனர். வெளிறிய நிறமுடைய டயர் கறுத்தது இதனாலேயே. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாயின. ரப்பருக்கு வழியற்ற அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யலாயிற்று. அதனால் டயர் செய்வோர் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட ரப்பர் வகைகள் வந்தன. ஈரச்சாலையைப் பற்றுவதில் ஒன்று சிறந்தது. கடுங்குளிரிலும் விறைக்காமல் இருப்பதில் மற்றொன்று சிறந்தது. இயற்கை ரப்பர் சுழிக்குக் கீழே சுமார் 70 பாகையில்தான் கண்ணாடிபோல் முற்றும் விறைக்கும். போர்க்காலத்தில் பெருகிய செயற்கை ரப்பரோ அதைவிடக் குறைந்த குளிரிலேயே விறைத்துவிடும். எந்த ரப்பர் எவ்வளவு என்னும் பங்கீடே அன்று முதல் டயர்க் கலையின் இரகசியம் ஆயிற்று.

இனி மூன்று சாலைகளின் தன்மையைத் தனித்தனியே பார்ப்போம். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.8 என்றும், ஈரச்சாலையில் 0.5 என்றும், அழுந்திய வெண்பனியில் 0.2 என்றும், வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1 என்றும் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கை அழுத்திய பின்னர், முதலாவதில் 12 மீட்டரிலும், இரண்டாவதில் 20 மீட்டரிலும், மூன்றாவதில் 50 மீட்டரிலும், நான்காவதில் 100 மீட்டரிலும் நிற்கும். வேகம் இரட்டித்தால் இத்தூரங்கள் நான்கு மடங்காகும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைக்கும் ஒரு விநாடியில் வண்டி ஓடும் 14 மீட்டர் இக்கணக்கில் சேராது. குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு இந்த மீட்டர்களே வாழ்வும் சாவும் ஆகும்.

ஈரச்சாலையின் பகை தண்ணீர். சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே புகும் நீரை மேற்பட்டையின் பள்ளங்கள் வெளியேற்ற வேண்டும். வேகம் மிகும்போது வெளியேற்ற அவகாசம் போதாமல், டயர் நீரின்மேல் தோணிபோல் மிதக்கத் தொடங்கும். அப்போது சுக்கானும் பிரேக்கும் பயனற்றுப் போகும். விமானங்கள் ஓடுபாதையில் சறுக்குவதை ஆராய்ந்த அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் விஞ்ஞானிகள் ஹார்ன், டிரெஹர் என்போர் 1963-இல் இதை ஓர் எளிய கணக்கில் அடக்கினர். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில் டயரின் காற்றழுத்தத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். அழுத்தம் 30 பவுண்டானால் அவ்வேகம் மணிக்கு சுமார் 57 மைல், அதாவது 91 கிலோமீட்டர். நீர் ஆழமாக நின்று, பள்ளங்கள் அதை வெளியேற்ற முடியாத நிலைக்கு உரிய கணக்கு இது. காற்றுக் குறைந்த டயரும் மொட்டை டயரும் மழைக்காலத்தில் ஏன் யமனாகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

வெண்பனியின் நியதி வேறு. பள்ளங்களில் பனி அடைந்து இறுகவேண்டும். இறுகிய பனி சாலையின் பனியைப் பற்றும். அத்துடன் மேற்பட்டையில் கத்தியால் கீறியதுபோன்ற நுண்ணிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால், அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வும். ரப்பரும் குளிரில் மென்மையாகவே இருக்கவேண்டும். இதே வெட்டுகள் காய்ந்த சாலையில் என்ன செய்யும்? வெட்டுண்ட ரப்பர்க் கட்டிகள் பிரேக்கின் இழுப்பில் நெளியும்; நிற்கும் தூரம் நீளும். மென்மையான ரப்பர் கோடையில் விரைவாகத் தேயும். பனிக்கு நன்மையானது வெயிலுக்குக் குறையாகிறது; வெயிலுக்கு நன்மையானது பனிக்குக் குறையாகிறது. டயர்க்காரரின் தீராத சிக்கல் இதுவே.

பனிநாட்டார் இச்சிக்கலை இரண்டு டயர் வைத்துத் தீர்த்தனர். பின்லாந்தின் நோக்கியா நகரைச் சார்ந்த ரப்பர்த் தொழிற்சாலை 1934-இல் லாரிகளுக்குக் குளிர்கால டயரைச் செய்தது; 1936-இல் 'ஹக்கபெலீட்டா' என்னும் பெயரில் கார்களுக்கும் செய்தது. பின்னாளில் தொலைபேசியால் நம் நாட்டில் பெயர்பெற்ற நோக்கியா நிறுவனத்தோடு 1967-இல் இணைந்தது இத்தொழிற்சாலையே. 1961 முதல் அந்த டயரில் எஃகு ஆணிகளும் பதிக்கப்பட்டன. பனிக்கட்டியில் ஆணி சிறந்த துணை. பனியில்லாத நாளில் அது சாலையையே உழுதுவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1971-இல் ஆணி டயரைத் தடை செய்தது. ஜப்பானில் சென்டாய் போன்ற நகரங்களில் ஆணிகள் பெயர்த்த சாலைத்தூள் மக்கள் மூச்சில் கலந்து துன்புறுத்தவே, 1990-இல் அதற்கெதிராகச் சட்டம் பிறந்தது. தன் வண்டிக்குப் பாதுகாப்பென்று ஒருவர் தேடிக்கொண்டது ஊராருக்குத் தீங்காய் முடிந்த கதை இது. அதன்பின் ஆணியில்லாமல் பனிக்கட்டியைப் பற்றும் ரப்பரை ஆராய்வதில் ஜப்பானியர் முழுமூச்சாக ஈடுபட்டனர்.

மிஷ்லின் நிறுவனம் 1946-இல் பேடண்ட் பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ரேடியல் டயர், மேற்பட்டையைத் தரையோடு தட்டையாகப் படியச் செய்து பிடிப்பையும் ஆயுளையும் உயர்த்தியது. ரேடியல் அமைப்பு அமெரிக்காவில் பரவிய காலத்தில், ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லையை ஒழிப்பதாகச் சொல்லி, 1977-இல் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்னும் அனைத்துப் பருவ ரேடியலை வெளியிட்டது. மக்கள் விரும்பி வாங்கினர். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. புதிய கார்களிலேயே இவ்வகை டயர் பூட்டி வருவது அமெரிக்காவில் வழக்கமாயிற்று.

இங்கேதான் சொல் செயலை முந்தியது. இந்த டயர்களின் பக்கச் சுவரில் சேறு, பனி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளான 'எம்', 'எஸ்' பொறிக்கப்பட்டன. அந்தக் குறி பெற டயர் பனியில் ஓடிக் காட்டவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மேற்பட்டையின் அமைப்பு தகுந்த வடிவில் இருந்தால் போதும். ஃபயர்ஸ்டோனின் பழைய எழுத்துகளாவது தரையைக் கவ்வின. இந்த எழுத்துகள் பக்கச் சுவரில் சும்மா இருந்தன. வாங்கியவரோ அதைப் பரீட்சையில் தேறிய முத்திரையாகவே எண்ணினார். இக்குறை தீர, 1999-இல் வட அமெரிக்காவில் புதியதொரு குறி வந்தது. மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த சித்திரம் அது. அழுந்திய பனியில் ஓடி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு, அதைவிடக் குறைந்தது 10 சதவீதம் மிகுந்த இழுப்பைக் காட்டிய டயருக்கே அது உரியது. இதிலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அச்சோதனை அளந்தது வண்டி நேர்க்கோட்டில் முன்னேறும் ஆற்றலை. வளைவில் திரும்புவதையும் பனிக்கட்டியில் நிற்பதையும் அது அளக்கவில்லை. ஐரோப்பாவில் 2021 முதல் டயர்ச் சீட்டில் பனிக்கட்டிக்கெனத் தனிக்குறி சேர்க்கப்பட்டது இக்காரணம் பற்றியே.

கலவையும் இதற்கிடையே முன்னேறியது. ஈரப்பிடிப்பை உயர்த்தினால் உருட்டுத் தடை மிகும் அல்லது தேய்மானம் மிகும். இம்மூன்றையும் ஒருங்கே திருத்த இயலாது என்பது பழைய நம்பிக்கை. 1992-இல் மிஷ்லின் நிறுவனம் புகைக்கரியின் இடத்தில் பெரும்பங்கு சிலிகாவைச் சேர்த்த டயரை விற்பனைக்குக் கொணர்ந்து, அந்த நம்பிக்கையைப் பெரிதும் தளர்த்தியது. 2015-இல் அதே நிறுவனம், கோடை டயரை அடிப்படையாகக் கொண்டு பனிச்சோதனையிலும் தேறிய 'கிராஸ்கிளைமேட்' என்னும் டயரை வெளியிட்டது. இவ்வளவுக்குப் பின்னும் வரிசை மாறவில்லை. வெப்பமான காய்ந்த சாலையில் கோடை டயர் முன்னிற்கும். அழுந்திய பனியில் குளிர்கால டயர் முன்னிற்கும். அனைத்துப் பருவ டயர் இரண்டிலும் இடையில் நிற்கும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழ் இறங்கினால் கோடை டயரின் பிடிப்பு குறையத் தொடங்கும் என்பது தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு.

அரசாங்கங்களும் இதை ஒப்புக்கொண்டன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்காலத்தில் அதற்குரிய டயரைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனி பனிச்சாலையில் செல்லும் வண்டிக்கு உரிய டயர் வேண்டுமென்று 2010-இல் சட்டத்தைத் தெளிவாக்கியது. 'எம்', 'எஸ்' எழுத்துகள் மட்டும் தாங்கிய டயரை 2024 செப்டம்பர் 30-க்குப் பின் குளிர்கால டயராக ஏற்பதில்லை என்றும் விதித்தது. வெறும் எழுத்தின் ஆட்சி இவ்வாறு அங்கே முடிவுற்றது.

நமது நாட்டுக்கு வருவோம். பின்லாந்தில் பனிக்கெனக் கார் டயர் பிறந்த அதே 1936-இல், வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை டயர் செய்யத் தொடங்கியது. அங்கே பகை குளிர். இங்கே பகை வெயிலும் மழையும். கோடையில் கொதிக்கும் சாலை, மிகுபாரம், குறைந்த காற்று ஆகியவை கூடினால் டயர் உள்ளே சூடேறி வெடிக்கும். ஆகவே நம் சமவெளியில் ஓடும் டயர் வெப்பத்தையும் மழையையும் மனத்திற்கொண்டு செய்யப்படுவது. 2022-இல் இந்திய அரசாங்கம் உருட்டுத் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றுக்கும் அளவு விதித்தது. ஈரப்பிடிப்பு விதியில் இடம்பெற்றது நம் மழைக்கு மிகவும் பொருந்தும். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பதும் விதியே.

பாரதம் வெயில் நாடு மட்டும் ஆகாது, இமயமும் நமதே. முன்னர் ரோதாங் கணவாய் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் பனியால் மூடிக்கிடக்கும். 2020 அக்டோபர் 3-இல் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், மணாலியிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்திலும் கார்கள் செல்கின்றன. சமவெளியின் வெயிலுக்கென்று செய்த டயரோடு பனிபார்க்கப் போகும் குடும்பங்கள் பல. பாதை திறந்துவிட்டது, டயர் மாறவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயினும், ஏறுவதற்கு அது உதவுமேயன்றி, இறங்கும்போது நிறுத்துவதற்கு உள்ளங்கையளவு ரப்பர்தான் உதவவேண்டும். பனிக்குரிய டயரோ சங்கிலியோ இல்லாதவர் பனிச்சரிவின் கீழேயே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளூர் வண்டியில் ஏறிச் செல்வது அறிவுடைமை.

சுமார் 190 ஆண்டுகளுக்கு முன் கோடையில் இளகி, குளிரில் வெடித்த ரப்பரை மனித அறிவு வெகுவாக வசப்படுத்தியிருக்கிறது. இன்றைய நல்ல அனைத்துப் பருவ டயர், எப்போதாவது பனி பெய்யும் ஊருக்கு ஏற்ற சமரசம். சமரசம் என்பதை அறிந்து கொள்பவருக்கு அது நல்ல துணை. வெற்றி என்று எண்ணுபவருக்கு அது ஆபத்து. ஆகவே புது டயர் வாங்கும்போது பெயரைக் கேட்பதோடு நில்லாமல், எந்தச் சாலையில் எதை அளந்து அதற்குத் தரம் கொடுத்தனர் என்றும் கேட்போமாக. வாங்கியபின் மாதம் ஒருமுறை காற்றையும் பள்ளத்தின் ஆழத்தையும் பார்ப்போமாக. எந்தப் பருவத்திலும், எந்த டயரிலும் தவறாமல் பிடிப்பை மிகுவிக்கும் வழி ஒன்று உண்டு. சாலையின் நிலையறிந்து வேகத்தைக் குறைப்பதே அது.